தேக்குத் தூம்பா

"முள்முடியை எடுத்துக் குடுத்துட்டுப் பேசு ஏட்டி, நேரமாகுது..."

"தூம்பாவைக் கொண்டாங்க, பொறவு முடி..."

"அதான் ஏலாதுன்னு சொல்லுதேனே, காதுல..."

"காது நல்லாத்தான் கேக்கு. நாப்பது வருசமா எங்கப்பாதான் ஆண்டவருக்கு முடி பின்னுனாரு. அது ஒங்க காதுல விழுதா?"

பூசைக்கு ஒத்தாசை செய்யும் கோயில்பிள்ளை ராஜரத்தினம் வாசலைத் தாண்டவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே நின்றார். பெரிய வெள்ளிக்கிழமை; வெயில் கூரைக்கு மேலே வந்துவிட்டது. உள்ளே கோரைப்பாயில், அவரோடு வாதாடிய ஞானரத்தினத்தின் அப்பா இருதயம் கிடந்தார். விடியுமுன் உயிர் போயிருந்தது. அம்மா ஏசம்மாள் வேப்பங்கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஈ போவதாயில்லை.

பத்து நாளைக்கு முன்னால் மலையடிவாரத்தில் முடிக்கு இண்டங்கொடி வெட்டும்போது உள்ளங்கையில் முள் ஒடிந்தது. கை சீழ் வைத்து, முழங்கை வரை கறுத்து, கடைசியில் ஆளையே கொண்டுபோய்விட்டது.

அந்தக் கோயில் பங்கில் பிணம் சுமக்க இரண்டு தூம்பா உண்டு. மேலத்தெருவுக்குத் தேக்கு, கறுப்புப் பட்டு விரித்து, சரிகைக் குஞ்சம் தொங்கும். பெரிய வெள்ளி சாயங்காலம் சிலுவையிலிருந்து இறக்கும் ஆண்டவர் சுரூபத்தை அதிலேதான் கிடத்தித் தெருச் சுற்றுவார்கள். கீழத்தெருவுக்கு மூங்கில். ஒரு கால் ஒடிந்து கயிறு கட்டியது. கல்லறைச் சுவரோரம் மழையிலும் வெயிலிலும் கிடக்கும். வருசாவருசம் கோயில் பின்வாசலில் முடியை நீட்டிவிட்டு வரும் இருதயம், வீட்டுக்கு வந்து ஒரே பேச்சைத்தான் பேசுவார். "ஒரு தரம் அந்தத் தேக்குல போயிட்டாப் போதும் தாயி. பொறவு எங்க வேணாலும் புதைங்க."

"பங்குச் சாமிகிட்ட கேட்டீகளா?" என்றாள் ஞானரத்தினம்.

"கேட்டேன். வழக்கம் எப்படியோ அப்படிச் செய்யின்னுட்டாரு."

"வெள்ளைக்காரச் சாமிக்கு வழக்கம் என்னன்னு யாரு சொன்னா?"

ராஜரத்தினம் கோயில் பக்கம் பார்த்தார். "சாயங்காலம் ஆண்டவரைக் கெடத்தணும். அதுல போயி இந்த..." துண்டை இறுக்கிக்கொண்டார். "மேலத்தெருக்காரவுக என்னைய விடுவாகளா?"

"மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துருவோம். நானே கழுவித் தாரேன்."

"கழுவினாப் போற காரியமா ஏட்டி இது?"

கோயிலில் பெண்கள் ஐந்து காயங்களின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆணி பாய்ந்த கையே, அழகிய கையே என்று இழுத்து இழுத்து அழுதார்கள். சாயங்காலமானால் அந்த மரக்கையின் சிவப்புச் சாயத்தை முத்தமிட வரிசை கட்டி நிற்பார்கள். அதைத் துடைத்த பஞ்சுக்கு அடித்துக்கொள்வார்கள். அப்பாவின் கையை இந்தப் பத்து நாளில் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. ஞானரத்தினம் பாட்டு வந்த திசை பார்த்துத் துப்பினாள்.

அப்போது கீழத்தெருச் சந்தனமும் இன்னும் மூன்று பேரும் மூங்கில் தூம்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள்.

"இதை யாரு கொண்டாரச் சொன்னா?"

"நாந்தான் சொல்லிவிட்டேன்," என்றாள் ஏசம்மாள் உள்ளிருந்து. "எறும்பு வந்துருச்சுட்டி. இன்னும் எம்புட்டு நேரம் ஒங்கப்பாவ நாறவிடச் சொல்லுத?"

சந்தனம் தூம்பாவைச் சுவரோரம் இறக்கினான். கயிறு கட்டிய கால் ஒரு பக்கம் சாய்ந்தது. அடியில் ஒரு கல்லைத் தள்ளிவைத்தான்.

"அம்மாக்காரிக்கு இருக்கிற புத்தி ஒனக்கு இல்ல," என்றார் ராஜரத்தினம். "சரி, முடியைக் கொண்டா."

விட்டத்தில் தொங்கிய முடியை அவள் எடுத்து வந்தாள். நீட்டிய கையை அவர் பாதியில் நிறுத்தினார்.

"என்னட்டி கறை?"

"அப்பா கை. செவ்வாக்கெழமை வரைக்கும் பின்னுனாருல்ல. விரலு மடங்கல. பல்லால இழுத்துக் கட்டுனாரு."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், இன்னும் தொடவேயில்லை. மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"பன்னீரு. ஆண்டவரைத் துடைக்க ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து வாங்கியாந்தது. முடியை நல்லாத் தேச்சுக் கழுவிட்டு, கடைசியா இதுல ரெண்டு சொட்டு விட்டுக் கொண்டா. மிச்சத்தைச் சிந்திராத."

ஞானரத்தினம் குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முடியைப் பாய்மேல் வைத்தாள். அப்பாவின் கைக்கட்டை அவிழ்த்தாள். துணி சதையோடு ஒட்டி வந்தது. முகத்தைத் திருப்பி மூச்சு விட்டுவிட்டு மறுபடி குனிந்தாள். குப்பியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினாள். விரலிடுக்கில் ஊற்றினாள். ஏசம்மாள் வேப்பங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். குப்பி தீரும்வரை ஊற்றினாள். பன்னீர் வாசனையும் சீழ் வாசனையும் கலந்து, முன்னைவிட மோசமாக அடித்தது.

கோயிலில் மரக்கட்டையைத் தட்டினார்கள். பெரிய வியாழனிலிருந்து மணி அடிப்பதில்லை, கட்டைதான். டக், டக் என்று அது தெரு முழுக்கக் கேட்டது.

ஞானரத்தினம் வெளியே வந்தாள். காலிக் குப்பியை, அவர் வைத்த இடத்திலேயே வைத்தாள். முடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கறை அப்படியே இருந்தது. ஒரு ஈ கூடவே வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

"பிடிங்கய்யா. நேரமாச்சுன்னீகள்ல."