பதில் வராவிடில்

சேஷனுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நாலாவது தடவை, தம்ளரை வாயருகே கொண்டுபோன பிறகுதான் தாகமே இல்லை என்று தெரிந்தது. மேஜைமேல் கிடந்த நாடாளுமன்றக் கேள்விதான் காரணம். யாரோ ஓர் உறுப்பினர், வேறு வேலை இல்லை போலிருக்கிறது, கேட்டிருந்தார்: பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர்கள் இருப்பதற்கு அடையாளம் ஏதும் கிடைத்திருக்கிறதா? ஆமெனில் விவரம் என்ன? இல்லையெனில் காரணம் என்ன?

முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் கழுத்தை அறுத்தது.

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் சேஷனுக்குக் கைவந்த வாக்கியம் ஒன்று உண்டு. எந்தச் சுற்றறிக்கையானாலும் கடைசியில் போட்டுவிடுவார்: ‘குறித்த தேதிக்குள் பதில் வராவிடில், தெரிவிக்க ஏதுமில்லை எனக் கொள்ளப்படும்.’ இந்தக் கேள்வியையும் அப்படித்தான் நாலு ஆராய்ச்சி நிலையங்களுக்கு அனுப்பினார். மூன்று, ஒற்றை வரியில் கைகழுவிவிட்டன. நாலாவதிலிருந்து ஒரு விஞ்ஞானி, புண்ணியவான், முழுப் பக்கம் எழுதியிருந்தார்.

அவர்கள் எட்டாத தூரத்தில் இருக்கலாம். நமக்கு முன்பே வாழ்ந்து அழிந்திருக்கலாம். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்களே தவிர, ஒருவரும் வாய் திறக்காமல் இருக்கலாம். அவர்கள் சொல்லியும் நமக்குப் புரியாமல் இருக்கலாம். நாம் கேட்கத் தொடங்கியே கொஞ்ச காலம்தான். பதில் வரவில்லை என்பதை வைத்து எந்த முடிவும் கட்ட முடியாது.

அந்தக் கடைசி வரியைச் சேஷன் நாலு தடவை படித்தார்.

போன மாதம் அவர், தில்லியின் இன்னொரு கோடியில் முனிர்காவில் அறை எடுத்துப் படிக்கும் மகள் ஸ்ம்ருதிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். சென்னையில் ஒரு வரன். பையன் பேங்கில் ஆபீசர். அவள் அறை வீட்டுக்காரன் போனில், அவன் குடும்பமே சுற்றி நிற்கக் கல்யாணப் பேச்சு எடுக்க அவருக்குக் கூச்சம். மனைவி காமாக்ஷி உயிரோடிருந்தால் பெண்ணைப் பக்கத்தில் உட்கார்த்திக் கேட்டிருப்பாள். அந்த வித்தை இவருக்கு வராது. பழக்கதோஷம், கடிதத்தின் கடைசியில் பேனா தானாக எழுதியது: ‘பதினைந்தாம் தேதிக்குள் பதில் வராவிடில் உன் சம்மதமாகக் கொள்ளப்படும்.’

பதில் வரவில்லை. பதினாறாம் தேதி சென்னைக்குச் சரி என்று சொல்லிவிட்டார், மனுஷன்! ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹார் வீட்டில் நிச்சயதார்த்தம். விஷயம் கடிதத்தில்தான் இருக்கிறதே என்று, அன்றைக்கு வந்துவிடு என்று மட்டும் போனில் சொன்னதற்கு “அச்சாப்பா, வரேன்” என்றாள் பெண். அதோடு சரி.

“என்ன சார், இன்னுமா முடியல?” அதிகாரி ஜோதிலிங்கம் வந்து நின்றார். “ஏதுமில்லைன்னு போட்டு ஜல்தியா அனுப்புங்க.”

“காரணம் தெரியலைன்னு எழுதிட்டேன் சார். அதான் நிஜம். எனக்கு அரை நாள் லீவு வேணும்.”

ஜோதிலிங்கம் வாயைத் திறப்பதற்குள் சேஷன் படியிறங்கிவிட்டார்.

பஸ்ஸில் இடமிருந்தும் உட்காரவில்லை. முனிர்காவில் மூன்று மாடி ஏறி மூச்சிரைக்கக் கதவைத் தட்டினார்.

“அப்பா! க்யா ஹுவா? என்னாச்சு?”

“லெட்டர் போட்டேனே, படிச்சியோ?”

ஸ்ம்ருதி புத்தகத்துக்கு அடியிலிருந்து அதை எடுத்தாள். உறை பிரித்திருந்தது. “எனக்கு எங்கப்பா தமிழ் படிக்க வரும்? பக்கத்து ரூம் பிரியதர்ஷினிதான் எப்பவும் வாசிச்சுக் காட்டுவா. அவ ஊருக்குப் போயிருக்கா.”

“ஒவ்வொரு தடவையும் படிச்சேன்னு சொல்லுவியே?”

“நீங்க சந்தோஷப்படுவேளேன்னுதான்.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “இந்தத் தடவை உங்க கையெழுத்தை மட்டும் பாத்தேன். எப்பவும்போல நேரா இருந்தது. அப்பா நன்னா இருக்கார்னு நினைச்சுண்டேன். இப்போ நீங்களே வாசியுங்கோ.”

சேஷன் நின்றபடியே வாசித்தார். உடம்பு சௌக்கியம், காஸ் சிலிண்டர் வந்தது, சென்னை வரன். கடைசி வரியையும் விடாமல் வாசித்தார்.

“இன்னிக்கு என்ன தேதிப்பா?”

“இருபத்திரண்டு.”

ஸ்ம்ருதி மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். “அப்போ நான் சரின்னு சொல்லியாச்சா?”

“நீ எங்கேடி சொன்னே? நான்னா சொன்னேன், பாவி!” சேஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்போ கேக்கறேன். உனக்குச் சம்மதமா?”

“இல்லைப்பா.”

நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் ரயில் ஏறுகிறார்கள். சேஷன் கடிதத்தை அவள் மடியில் போட்டுவிட்டு, எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குச் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.