தபிதா சொன்ன சாட்சி

சித்தூரில் பஸ் ஏறியதிலிருந்து தபிதா, கம்பெனி எழுதி அனுப்பிய ஒரே பக்கத்தைத்தான் கைப்பேசியில் படித்துக்கொண்டு வந்தாள். சந்திரகிரி வந்தும் ஐந்தாவது வரியைத் தாண்ட முடியவில்லை. 'இந்த மாற்றத்தில் யாரும் வேலையை இழக்கவில்லை' என்றது அந்த வரி. முதல் நான்கு வரிகளிலும் ஜோடனை இல்லாமலில்லை. பந்திக்கு ஆள் கூடினால் சாம்பாரில் ஒரு செம்பு தண்ணீர் விடுவது உலக வழக்கம், அதைக் குடித்துவிடலாம். ஆனால் இது வெறும் தண்ணீர். இன்று மதியம் மைக்கைப் பிடித்து இதையும் அவள் வாயால் சொல்ல வேண்டும்.

காலையில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது அவள் கணவன் சாம்ராஜ், "ஒரு வரிதான? கண்ண மூடிக்கினு படிச்சிட்டு வந்துடு" என்றான்.

"கண்ண மூடிக்கினா எப்டி படிக்கிறதாம்?"

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சொன்னா உன்ன ட்ரெயினிங் மேனேஜராக்குவாங்க. சொல்லலன்னா உன்னயும் அனுப்பிடுவாங்க தபி" என்றான்.

அவள் வேலை பார்ப்பது பால் சேகரிப்பு மையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு திருப்பதி கம்பெனியில். விடிகாலையில் எங்காவது ஒரு கிராமத்தில் பாலின் கொழுப்பை அளக்கும் மெஷின் நின்றுபோகும். கேனைச் சுற்றி ஊரே நின்றுகொண்டு போன் போடும். தெலுங்கில் ஆரம்பித்து, தமிழில் திட்டி, மறுபடி தெலுங்கில் கெஞ்சும். தபிதாவின் குழு அதற்குப் பதில் சொல்லி மெஷினை ஓட வைக்கும். போன வருஷம் ஐதராபாத்காரர்கள் கம்பெனியை வாங்கினார்கள். 'மாற்றப் பயணம்' என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். பயணத்தை நடத்த கிரண்குமார் என்றொருவர் வந்தார். மாற்றத்துக்கென்று ஒரு மேனேஜர் இருப்பார் என்பதே தபிதாவுக்கு அப்போதுதான் தெரியும். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார், யாரையும் பெயரோடு 'காரு' சேர்த்து மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அவளைக் கூப்பிட்டு 'மாற்றத் தூதர்' ஆக்கி, நீல டீ ஷர்ட் கொடுத்தார். அவளும் நம்பித்தான் போட்டுக்கொண்டாள். போனுக்குப் பதிலாக இனி தானாகவே பதில் அனுப்பப்போகும் செயலியை எல்லாருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

சொல்லிக்கொடுத்து முடித்ததும் ஆறு பேருக்குக் கடிதம் வந்தது. ஒரு மாதத்துக்குள் ஐதராபாத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா. நகரி காஞ்சனா, "ரெண்டு புள்ளைங்கள இட்டுக்கினு போயி அங்க எங்கக்கா நிக்கிறது?" என்று கேட்டாள். கேட்டது தபிதாவிடம்தான். கடைசி நாளில் கேக் வாங்கி, அதை காஞ்சனாவையே வெட்ட வைத்தார்கள். கைதட்டினார்கள். காஞ்சனா ஒரு விள்ளல்கூட வாயில் வைக்கவில்லை. பிள்ளைகளுக்கென்று டிஷ்யூ பேப்பரில் சுற்றிக்கொண்டு போனாள். தபிதாவுக்கு அன்று வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அவள் சபையில் நன்றாகச் சாட்சி சொல்வாள் என்று யாரோ கிரண்குமாரிடம் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, தன் வாழ்க்கையில் நடந்ததை நடந்தபடி சபைக்குச் சொல்வதுதான் சாட்சி. கூட்டிச் சொன்னால் பின் பெஞ்சுக் கிழவிகள் வாசலிலேயே மடக்கிக் கேட்பார்கள். அவருக்கு அதெல்லாம் தெரியாது. கோர்வையாகப் பேசுகிறவள், அழ வைக்கிறவள் என்பதுவரை தெரிந்திருந்தது; இன்றைய கூட்டத்தில் பேச அவளையே பிடித்தார்.

ரேணிகுண்டா ரோட்டு ஓட்டல் ஹாலில் திருப்பதி ஆபீஸ்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் கம்பெனியின் விஜயவாடா ஆபீஸும் கோயம்புத்தூர் ஆபீஸும் நேரலையில் தெரிந்தன. தபிதா கிரண்குமாரிடம் போனாள்.

"சார், அந்த வரிய மட்டும் எடுத்துட்றேன்."

"அதுதான் முக்கியம் தபிதா காரு. மத்ததெல்லாம் போஸ்டர்லயே இருக்குது. அடுத்த மாசம் அந்த ரெண்டு ஆபீஸ்லயும் இதயே பண்ணணும். எல்லாரும் பயந்துக்கினு இருக்காங்க. உங்களாட்டம் ஒருத்தரு சொன்னா நம்புவாங்க."

"அதான் சார் எனக்கும் பயம். நம்பிடுவாங்க."

"பொய் ஒண்ணும் இல்லயே? அவங்களேதான் ரிசைன் பண்ணாங்க."

"ஓட்ற பஸ்லருந்து தள்ளிட்டு, அவங்களா எறங்கிட்டாங்கன்னு சொல்றதா?"

அவர் வாட்சைப் பார்த்தார். "டைம் ஆய்ட்ச்சி, போங்க" என்றார், கோபமில்லாமல்.

தபிதா மேடையேறி மைக்கை எடுத்தாள். சாம்ராஜின் முகம் நினைவுக்கு வந்தது. முதல் நான்கு வரிகளையும் ஒழுங்காகச் சொன்னாள். கிரண்குமார் தலையாட்டினார். பிறகு அவள் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்த மாற்றத்துல ஆறு பேருக்கு வேல போச்சி. அவங்களா போவல. பேரு சொல்றேன். நகரி காஞ்சனா. செங்கல்வராயன். குப்பம் கிருஷ்ணப்பா..."

மைக் செத்தது. சித்தூர் சபையில் கரண்ட் போனால் யாரும் சாட்சியைப் பாதியில் நிறுத்துவதில்லை. அவள் தொண்டையைத் திறந்தாள். "முரளிதரன். ஸ்வீட்டி. பிரவீன்." கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஸ்வீட்டியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் திரையில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினாள். விஜயவாடாவில் ஒருவர் காமிராவைப் பார்த்துக் கையை விரித்தார். இங்கே இருக்கிறவர்களுக்கு நடந்தது ஏற்கெனவே தெரியும். தெரிய வேண்டியவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் போகவில்லை.

தபிதா மேடையை விட்டு இறங்கினாள். முன்வரிசை மேசையில் கிரண்குமாரின் லேப்டாப் இருந்தது. சத்தத்தை அவர்தான் அதில் அணைத்திருந்தார். அவர் மூடப்போன மூடியை அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"தபிதா காரு, ப்ளீஸ். வேல போயிடும்."

"தெரியும் சார். கொஞ்சம் நவுருங்க."

அவர் கையை எடுத்தாரா, அவள் தள்ளினாளா, பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவள் லேப்டாப் காமிராவின் முன்னால் குனிந்து சத்தத்துக்கான பொத்தானை அழுத்தினாள். பெரிய திரையில் அவள் முகமே ஒரு சுவர் அளவுக்கு எழுந்தது, நெற்றியெல்லாம் வியர்வை.

"இப்ப கேக்குதா?" என்றாள்.

திரையின் மூலையில் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஒவ்வொருவராகக் காமிராவின் பக்கத்தில் வந்து நின்றார்கள்.