தண்டில்லாத பை

அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் புல் டாக்டர். மனுஷனுக்கு டாக்டர் உண்டு, மாட்டுக்கும் உண்டு, புல்லுக்குக்கூடவா ஒரு டாக்டர் என்று, அவள் முனைவர் பட்டம் வாங்கிய அன்று ஆரம்பித்த கேலி. அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிப் பண்ணை வரைக்கும் அந்தப் பெயர் எப்படியோ வந்து சேர்ந்து, வாசல் காவல்காரர்கூட அப்படித்தான் சொன்னார். அவளுக்கும் உள்ளூர அதில் ஒரு பெருமை. மூன்று வருடம் வெயிலில் நின்று அவள் கண்டுபிடித்தது லேசுப்பட்ட விஷயமில்லை.

தீவனப்புல்லை எப்போது அறுப்பது என்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தீராத தலைவலி. இளசாக அறுத்தால் சத்து அதிகம், ஆனால் கைக்கு வருவது கொஞ்சம். முற்றவிட்டு அறுத்தால் கட்டுக்கட்டாக வரும், சத்து போய் நார்தான் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்றுதான் இருக்கிற புத்தகமெல்லாம் சொல்கிறது. கிடைக்கும் என்றது நம் புல் டாக்டரின் அட்டவணை. முப்பதாம் நாள் அறுத்த புல்லில் புரதம் நூற்றுக்குப் பதினான்கு, எழுபத்தைந்தாம் நாள் அறுத்ததில் பன்னிரண்டரை. விளைச்சலோ இரண்டரை மடங்கு. ‘பொறுத்து அறுங்கள்’ என்று தலைப்புப் போட்டு நாலாயிரம் துண்டுப் பிரசுரம் அச்சாகி, அவள் அறையில் மேசை நிறைய அடுக்கியிருந்தது. திங்கட்கிழமை அதெல்லாம் ஊர் ஊராகப் போகவேண்டும்.

ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் உடன்பிறந்தவனுக்குச் சொல்லிவிட்டாள். அண்ணனிடம் பன்னிரண்டு கறவை மாடு. தங்கை சொன்னாளே என்று நாலு மாதமாக அவனும் புல்லை ஆள் உயரத்துக்கு விட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்று காலை எட்டு மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

“டாக்டரம்மா, ஒரு சந்தேகம். பால் குறைஞ்சுக்கிட்டே வருது. எல்லா மாடும்தான், ஆனா பெரியவ ரொம்ப மோசம். தொட்டியில பாதியை அப்படியே விட்டுடுறா. புல்லு முத்திப் போச்சோ?”

பெரியவள் என்பது அந்தக் கொட்டிலில் மூத்த பசு. ஆறு கன்று போட்டவள். அண்ணன் வீட்டில் சோறு இல்லாவிட்டாலும் அவளுக்குத் தவிடு இருக்கும்.

புல் டாக்டருக்குச் சுருக்கென்று வந்தது. பல் தேய்க்கிற நேரத்தில் போன் பண்ணி மூன்று வருட உழைப்பைச் சந்தேகப்பட்டால் யாருக்குத்தான் வராது?

“ஆய்வுக்கூடத்துல பார்த்த கணக்குண்ணா அது. பன்னிரண்டரை. புல்லுல ஒரு குறையும் இல்லை. மாட்டைப் பாரு.”

“மாட்டு டாக்டர் பார்த்துட்டார். நோய் எதுவும் இல்லைங்கிறார்.”

“அப்போ வயசாயிடுச்சு. பல்லு தேஞ்சிருக்கும்.”

“அப்படித்தான் நினைக்கிறேன்” என்றான் அண்ணன். கொஞ்சம் தயங்கி, “சரி, நீ சொன்னா சரிதான்” என்று வைத்துவிட்டான்.

பத்து மணிக்கு அவள் வயலுக்குப் போனாள். பிரசுரத்தைக் கொடுக்கும்போது திரையில் காட்ட நாலு படம் வேண்டும் என்று பண்ணை இயக்குநர் கேட்டிருந்தார். புல்லை அறுப்பது, எடை போடுவது, மாதிரி எடுப்பது என்று வரிசையாக. வயலில் இருந்தது தராசு அக்கா. புல்லை ஒரு அணை அணைத்துத் தூக்கி “நாலரைக் கிலோ” என்றால், தராசு மறுபேச்சுப் பேசாமல் நாலரை காட்டும். அதனால் அந்தப் பெயர். பண்ணையிலேயே நம்பகமான ஆள். ஒரு நாள் தாமதம் கிடையாது, ஒரு பை தொலைந்தது கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் புல் டாக்டர் எப்போதும் தராசுப் பக்கம் நோட்டோடு நின்றுவிடுவாள். மர நிழலில் உட்கார்ந்து ஆய்வுக்கூடத்துக்கு அரைக்கிலோ புல்லைப் பையில் போட்டுக் கட்டுவது அக்காவின் வேலை.

அன்று படம் எடுக்கவேண்டி முதல்முறையாக அவள் நிழலுக்கு வந்தாள்.

அக்கா எழுபத்தைந்தாம் நாள் புல்லைப் பரப்பி வைத்திருந்தாள். கட்டை விரல் தடிமனுக்குத் தண்டு. அதைத் தொடவேயில்லை. நுனியில் இருக்கிற பச்சை இலைகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவினாள், தோளில் கிடந்த துண்டால் தூசி துடைத்தாள், பக்குவமாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கல்யாண வீட்டுக்கு வெற்றிலை அடுக்குகிறவர்கள்கூட அவ்வளவு அக்கறையாகச் செய்யமாட்டார்கள்.

படம் எடுக்கத் தூக்கிய போன் அப்படியே நின்றது.

“அக்கா, தண்டு?”

“அது ஓரமாக் கிடக்கும்மா. அப்புறம் எருக்குழியில போட்டுடுவேன்.”

“பைக்குள்ள போடறதில்லையா?”

“தண்டை எதுக்கும்மா போடறது?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முற்றின புல்லில் பாதிக்கு மேல் தண்டுதான். சத்தில்லாதது அதுதான். மாடு தின்கிறது தண்டும் இலையுமாக. ஆய்வுக்கூடத்துக்குப் போனது கொழுந்து இலை மட்டும். அங்கே காயவைத்துப் பொடியாக்கிவிட்டால் பச்சைப்பொடி பச்சைப்பொடிதான், எதிலிருந்து வந்தது என்று அது வாய் திறந்து சொல்லுமா?

“எப்போலேர்ந்துக்கா இப்படி?”

“முதல் வருஷத்துலேர்ந்தே. நீங்கதானேம்மா சொன்னீங்க.”

“நானா?”

“மறந்துட்டீங்களா? அரைக்கிற மெஷினு கத்தி உடைஞ்சுதே. பையைக் கொண்டாந்து என் முன்னாடி கொட்டினீங்க. ‘இந்தக் கட்டையெல்லாம் யார் போடச் சொன்னா, அறிவு வேணாமா’ன்னு கேட்டீங்க. முகமெல்லாம் செவந்து போச்சு உங்களுக்கு. மேல யாரோ நல்லாத் திட்டியிருக்காங்கன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு துண்டு தண்டு போனதில்லை. நம்மால உங்களுக்குப் பேச்சு வரக் கூடாதில்லையா?”

நினைவு வந்தது. நன்றாக, ஒரு சொல் குறையாமல் வந்தது. அன்று ஆய்வுக்கூடத்தில் வாங்கிய வசவை அப்படியே சுமந்துகொண்டுவந்து, தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள் தலையில் கொட்டிவிட்டு அவள் நிம்மதியாகச் சாப்பிடப் போனாள். தண்டை நறுக்கிப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மூன்று வருடத்தில் நூற்று நாற்பத்து நாலு பை. அத்தனையும் பொய். கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். இது அவளுடைய அறைக்கே நாலாயிரம் பிரதியாக வந்து உட்கார்ந்திருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம்மா, தப்பாயிடுச்சா?” என்றாள் தராசு அக்கா. கையில் பாதி நிரம்பிய பை.

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான், ‘தொட்டியில பாதியை அப்படியே விட்டுடுறா’ என்று காலையில் அண்ணன் சொன்னது காதில் ஒலித்தது. விட்டது எந்தப் பாதி என்று இப்போது தெரிந்தது. போனை எடுத்தாள்.

“அண்ணா, பெரியவளுக்கு ஒண்ணும் இல்லை. வயசெல்லாம் இல்லை. அவ தின்னாம விட்டது தண்டுண்ணா. அவளை அப்படியே வச்சிரு.”

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“அண்ணா?”

“காலையில உனக்குப் போன் பண்ணினப்போ கறிக்கடைக்காரன் வண்டி வாசல்லதான் நின்னுச்சு” என்றான் அண்ணன். “மனசு கேக்கலை. அதான் கடைசியா உங்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு ஏத்தலாம்னு.”

“கூப்பிடுண்ணா அவனை. திருப்பி வாங்கு.”

“ரெண்டு மணி நேரம் ஆச்சும்மா. போன மாடு எங்க திரும்பும்?” என்றவன், “யார் பண்ணின தப்பு?” என்று கேட்டான்.

எதிரில் தராசு அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். வேலையாள் பண்ணின தப்பு என்றால் அண்ணனும் நம்புவான், இயக்குநரும் நம்புவார். நாக்கு நுனி வரை அந்தச் சொல் வந்தது. அக்காவின் தோளில், இலை துடைத்துத் துடைத்துப் பச்சைக் கறையேறிய துண்டு கிடந்தது.

“என் தப்புதான். மாதிரி எடுக்கிறதை மூணு வருஷமா நான் ஒரு தடவைகூட நின்னு பார்க்கலை.”

“அந்த நோட்டீஸு ஊருக்கெல்லாம் போயிடுச்சா?”

“இல்லை. இங்கதான் இருக்கு. ஒண்ணுகூட வெளியே போகாது. இப்பவே இயக்குநர்கிட்ட போய்ச் சொல்றேன்.”

“நல்லவேளை” என்றான் அண்ணன். “பெரியவளோட போச்சு.”

அவன் திட்டியிருக்கலாம். திட்டுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அழுகை அப்போதுதான் வந்தது, அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை.

“அழாத. மீதி பதினோரு மாடு இருக்கில்ல? அதுக்கு எத்தனை நாள்ல அறுத்துப் போடணும்? நீயே சொல்லு.”

இவ்வளவுக்குப் பிறகும் அவளைத்தான் கேட்டான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பூக்கிறதுக்கு முன்னாடியே அறுத்துடுண்ணா. நாப்பது, நாப்பத்தஞ்சு நாள்ல.”

“நீ சொல்றதுக்கு முன்னாடி வரைக்கும் அப்படித்தானேம்மா அறுத்துக்கிட்டிருந்தேன்” என்றான். கேலி செய்கிறானா என்று உற்றுக் கேட்டாள். இல்லை.