மாந்தோப்பில் ஒரு பங்கு

வடமாலபேட்டை பக்கத்து மலையடிவாரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜல்லி கிரஷரை வழக்குப் போட்டு மூடவைத்தவள் நளினி. திருப்பதி கோர்ட்டில் வக்கீல். தீர்ப்பு வந்த அன்று அவள் அண்ணன் சீனு ஊருக்கே இனிப்புக் கொடுத்தான். அவர்கள் அப்பா வைத்துவிட்டுப் போன மாந்தோப்பில் தூசி அடங்கி இலைகள் மறுபடி பச்சையாகத் தெரிந்தன. கிரஷரில் கூலிக்குப் போன காலனிப் பெண்களுக்குத்தான் வேலை போனது. அவர்கள் ஆடு வளர்க்கத் தொடங்கினார்கள்.

அடுத்த வருடமே அங்கே சோலார் கம்பெனி வந்தது. சீனு தன் தரிசு நிலத்தை லீசுக்குக் கொடுத்தான். பக்கத்துப் புறம்போக்கையும் சேர்த்து வேலி போடுவதாகப் பேச்சு. ஆடுகள் மேய்ந்தது அங்கேதான்.

காலனியிலிருந்து செங்கம்மா பஸ் ஏறி கோர்ட்டுக்கே வந்துவிட்டாள்.

"அன்னைக்கி மலைய காப்பாத்தணும்னீங்க, சரின்னோம். வேல போச்சி. இப்ப பூமிய காப்பாத்த கரண்டு எடுக்கறாங்களாம். எங்க ஆடு எங்கம்மா துன்னும்?"

நிலக்கரி வேண்டாம், சூரியன் போதும் என்று கல்லூரி கல்லூரியாகப் பேசியவள் நளினி. இப்போதும் அதைத்தான் நம்பினாள். அன்றிலிருந்து கேஸ் கட்டில் மனம் நிற்கவில்லை. சீனுவுக்குப் போன் செய்தாள். புகையும் தூசியும் இல்லாத தொழில், அவள் கேட்டதும் இதைத்தானே என்று அவன் எரிச்சல்பட்டான்.

கிராம சபையில் கம்பெனி அதிகாரி தெலுங்கில் அவளைப் புகழ்ந்து மைக்கைக் கொடுத்தார். சோலார் வேண்டும், ஆனால் இங்கே வேண்டாம் என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். ரோடு வேண்டும், கல்லை மட்டும் வேறு ஊரில் உடைக்க வேண்டுமா என்று கிரஷர் முதலாளி ஒருநாள் அவளிடம் கேட்டிருந்தார். அன்று அவரை மதிக்காமல் நடந்தவள் இப்போது அதே நியாயத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் காத்திருந்தது. மைக்கை மாற்றிப் பிடித்தாள்.

"பொறம்போக்க வுட்டுடுங்க. எடம் பத்தலன்னா எங்க மாந்தோப்பு கீது. அதுல எனக்கும் பாதி பங்கு. அந்தப் பாதிய எடுத்துக்குங்க."

சீனு எழுந்தான். "நைனா வெச்ச மரம் அது," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவளை யாராவது தடுத்திருந்தால் ஒருவேளை பின்வாங்கியிருப்பாள். யாரும் தடுக்கவில்லை. கம்பெனி ஒப்புக்கொண்டது. புறம்போக்கு தப்பியது.

மரம் வெட்டிய அன்று நளினி வந்து நின்றாள். சீனு தன் பாதித் தோப்புக்குக்கூட வரவில்லை. ரம்பச் சத்தத்தில் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சாய்ந்த கிளைகளில் ஆடுகள் மொய்த்துத் தழையைக் கடித்தன. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று செங்கம்மா தயங்கித் தயங்கி விசாரித்தாள்.

"நீங்க கேட்டது நாயம்தான்க்கா," என்றாள் நளினி. "நான் செஞ்சது சரியான்னுதான் தெரியல."

இன்னும் நான்கு மரங்கள் பாக்கியிருந்தன. அவை விழும்வரை அங்கேயே இருந்தாள். அதன்பிறகு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.