சீசர் வேண்டாம் என்றபோது

அம்புறோஸ் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தபோதே ஜெயனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடைக்க அங்கே ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. முன்வரிசையில் இருந்தவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"பதினாலு வருசம் இந்த ஒன்றியத்தைத் தோளிலை வைச்சுச் சுமந்திட்டன். இனி ஏலாது. எல்லாத்தையும் உங்கடை கையிலையே திருப்பித் தாறன். எனக்குத் தலைவர் பதவியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

கனடாவில், வில்லரேயில் கத்தோலிக்கக் கோவிலுக்குக் கீழே இருக்கிற மண்டபம் அது. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, தேத்தண்ணியும் றோல்சும் உள்ளே போன பிறகு, யாகப்பர் ஒன்றியத்தின் வருடாந்தக் கூட்டத்துக்காகச் சனம் குளிர் கோட்டுகளைக் கதிரையில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தது. "ஐயோ அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதைத் தொடர்ந்து நாலைந்து குரல்கள். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

ஜெயனிக்கு இந்தக் கூத்து புதிதல்ல. வருடா வருடம் இதைத்தான் அவள் படிப்பிக்கிறாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள கல்லூரியில் அவள் வரலாற்று விரிவுரையாளர். உரோமைப் பேரரசர்கள் எப்படி ஆண்டார்கள் என்பதுதான் அவளுடைய பாடம். கிறிஸ்மஸ் இராப்பூசையில் பெயர் கேட்கிறோமே, குடிக்கணக்கு எடுக்கச் சொன்ன அகுஸ்து சீசர், அவரில்தான் பாடம் தொடங்கும்.

அந்த மனிதர் எதிரிகள் எல்லாரையும் ஒழித்துக்கட்டிய பிறகு, ஒரு தை மாதத்தில் செனட் என்கிற மூதவைக்கு வந்து நின்று, நாட்டை உங்களிடமே திருப்பித் தருகிறேன், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். மூதவையார் பதறிப்போனார்கள். விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். சரி, உங்களுக்காக என்று பெருமூச்சு விட்டுவிட்டு, படை நின்ற மாகாணங்களை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். படை கையில் இருந்தால் மிச்சம் எங்கே போகும்? இராசா என்ற சொல்லை அவர் வாயிலும் எடுக்கவில்லை. வருடா வருடம் தேர்தல் நடந்தது. புதிய ஆட்கள் பதவிக்கு வந்தார்கள், போனார்கள். அவர் மட்டும் நாற்பது வருடம் இருந்தார்.

இதையெல்லாம் அம்புறோசுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

போன ஐப்பசியில் அவர்தான் கேட்டார். "பிள்ளை, நீர் படிப்பிக்கிறதை எங்கடை சனத்துக்கும் ஒருக்காச் சொல்லுமன்" என்றார். அவளும் சந்தோசமாக வந்து இதே மண்டபத்தில் நின்று பேசினாள். அகுஸ்து சீசரின் நிலையைத் தமிழில் சொல்ல ஒரு சொல் அகப்படவில்லை. முதல் குடிமகன் என்றால் சனம் கொட்டாவி விடும். ஆகவே, "எங்கடை சங்கங்களிலை போசகர் எண்டு ஒருத்தரைப் போடுவினமெல்லோ, நோட்டீசிலை எல்லாப் பேருக்கும் மேலை அவற்றை பேர் இருக்கும். பதவி எண்டு ஒண்டும் இல்லை. அந்தப் போசகரைக் கேக்காமல் ஒண்டும் அசையக்கூடாது எண்டு வைச்சால் எப்பிடி இருக்கும்? அதுதான் அகுஸ்து" என்று பகிடியாகச் சொன்னாள். மண்டபம் சிரித்தது. எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தவர் அம்புறோஸ். பிறகு தேத்தண்ணிக் கோப்பையோடு அவளிடம் வந்து, "அப்ப அந்த மனிசன் கடைசி மட்டும் இருந்தவரோ?" என்று கேட்டார். வரலாற்றில் இவ்வளவு ஆர்வமா என்று அவள் பூரித்துப்போனாள். படித்தவள் என்று பெயர்!

சரி, அவர் இருந்தால் இருக்கட்டும், உனக்கென்ன என்று கேட்டால், அவளுக்கு மரியதாசன் அத்தான் இருந்தார்.

மரியதாசன், ஜெயனியின் அக்கா அஞ்சலீனாவின் கணவர். இந்த மண்டபத்தைப் பங்குத் தந்தையிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். தவக்காலத்தில் ஒன்றியம் போடுகிற திருப்பாடுகளின் நாடகத்துக்குச் சிலுவை செய்தவரும் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முந்திய கூட்டத்தில் அவர் எழும்பி ஒரு கேள்வி கேட்டார். "அண்ணை, உங்கடை பதவிக்கு வோட்டு எப்ப வைச்சனாங்கள்? எனக்கு ஞாபகத்திலை வரேல்லை." அவ்வளவுதான். அடுத்த கிழமையே ஒன்றியத்தைப் பிளக்கிறார் என்று சொல்லி அவரை நீக்கிவிட்டார்கள். சுவரில் தொங்கிய ஒன்றியத்தின் குழுப்படத்திலும் அவரை வெட்டிவிட்டார்கள். ஆனால் வெட்டியவருக்குக் கை சரியில்லை. அம்புறோசின் தோளில் ஆளில்லாத ஒரு கை மட்டும் இன்னும் கிடக்கிறது. உரோமையிலும் வேண்டாதவர்களின் பெயரைக் கல்லிலிருந்து கொத்தி எடுத்தார்கள். அவர்கள் இதைவிடத் திறமாகச் செய்தார்கள்.

அதன் பிறகு மரியதாசன் பூசைக்கு வருவார், கீழே இறங்கமாட்டார். அஞ்சலீனா பாடகர் குழுவில் பாடிவிட்டுக் கீழே நாலு பேரோடு கதைத்துவிட்டு வரும்வரை, மாசிக் குளிரில் காருக்குள் இருப்பார். முப்பது வருடம் கூடித் திரிந்தவர்கள் வாசலில் அவரைக் கண்டதும் குனிந்து தங்கள் காலிலுள்ள சப்பாத்தைப் பார்ப்பார்கள். சப்பாத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஆகவேதான், போன மாதம் அம்புறோஸ் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, "நீர் தலைவரா வாரும். வந்தால் உம்மடை அத்தானை உள்ளுக்கு எடுக்கிறதோ விடுகிறதோ உம்மடை விருப்பம். நான் குறுக்கை நிக்கன்" என்றபோது, அவள் உடனே ஓம் என்றாள். அந்த ஒரு காரியத்துக்காகத்தான். மரியதாசன் இந்தப் படிகளில் இறங்கி வந்து எல்லாரையும்போல ஒரு தேத்தண்ணி குடிக்கவேண்டும். அவளுக்கு வேறு எந்தப் பதவி ஆசையும் இல்லை. இன்றைக்கும் அவர் வெளியே காரில்தான் இருந்தார்.

"தலைவரா ஜெயனி பிள்ளை வரட்டும். படிச்ச பிள்ளை" என்றார் அம்புறோஸ். கை தட்டினார்கள். ஒருவரும் எதிர்க்கவில்லை, ஒருவரையும் கேட்கவும் இல்லை. ஜெயனி போய் மேசைக்குப் பின்னால் இருந்தாள். மைக் அவள் கைக்கு வந்தது.

அப்போது செயலாளர் றெக்ஸ் எழும்பினான். பெயர்தான் இலத்தீனில் இராசா, ஆள் அம்புறோஸ் இரு என்றால் இருந்து, எழும்பு என்றால் எழும்புகிறவன். "யாப்பிலை ஒரு சின்னத் திருத்தம்" என்று தொண்டையைச் செருமிவிட்டு வாசித்தான். அம்புறோஸ் அண்ணையின் சேவையை மதித்து அவரை ஆயுட்காலப் போசகராக்குவது. மண்டபப் பூட்டின் திறப்பு போசகரிடமே இருக்கும். நிர்வாகசபையின் தீர்மானங்கள் போசகரின் இசைவோடுதான் நடைமுறைக்கு வரும். உறுப்பினர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் போசகரின் இசைவோடுதான்.

போசகர்! ஜெயனி பகிடிக்குச் சொன்ன சொல்லை எடுத்துக்கொண்டுபோய், அதற்குள்ளே தன்னை வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். அவளைக் கதிரையில் இருத்தி, அத்தானின் கதவை அவளுடைய கண்ணுக்கு முன்னாலேயே பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்ன நெஞ்சழுத்தம்!

"சேச்சே, இதென்ன றெக்ஸ்? எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்றார் அம்புறோஸ்.

"அண்ணை, மறுக்காதேங்கோ" என்றது சனம்.

"வேண்டாம், வேண்டாம். வயசு போட்டுது. பேரப்பிள்ளையளோடை இருக்கப்போறன்."

"உங்களை விட்டால் எங்களுக்கு ஆர் அண்ணை?"

"நான் சொல்லிப்போட்டன். வேண்டாம் எண்டால் வேண்டாம்."

எங்கள் ஆட்களின் வேண்டாம் எப்படிப்பட்டது என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டுக்குப் போய் முதல் தரமே தேத்தண்ணிக்கு ஓம் என்பவன் மரியாதை தெரியாதவன். மூன்று தரம் வேண்டாம் என்னவேண்டும், வீட்டுக்காரர் மூன்று தரமும் கேட்கவேண்டும், நாலாம் தரம் கேளாமலே கோப்பை வரவேண்டும். கனடாவுக்கு வந்த புதிதில் ஜெயனி கல்லூரியில் இந்த மரியாதையைக் காட்டப்போய், முதல் வேண்டாமுக்கே கோப்பிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நோன், மெர்சி என்று பிரெஞ்சில் வேண்டாம் சொன்னால் இங்கே அவ்வளவுதான், கதை முடிந்தது. அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தொண்டை வறண்டது.

அம்புறோஸ் மூன்று வேண்டாமையும் சொல்லி முடித்துவிட்டுக் கோப்பைக்காகக் காத்திருந்தார்.

ஜெயனி பாடத்தில் இன்னொன்றும் சொல்வாள். அகுஸ்துவுக்குப் பின் வந்த திபேரியு சீசரும் இப்படித்தான், முழுப் பாரத்தையும் என்னால் தாங்க ஏலாது, ஒரு பகுதியென்றால் பார்க்கலாம் என்று இழுத்தார். மூதவையில் காலுஸ் என்ற ஒருவர் எழும்பி, அப்படியென்றால் எந்தப் பகுதி வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார். சீசரின் முகம் கறுத்தது. காலுஸ் அதைப் பூசி மெழுகப் பார்த்தார். பலிக்கவில்லை. வருடங்கள் கழித்து அந்த மனிதர் காவலில் பட்டினியாகச் செத்தார். மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள், ஏன் ஒருவரும் சரி, போங்கள் என்று சொல்லவில்லை? பயம் என்று அவள் பதில் சொல்வாள். சீசரிடம் படை இருந்தது. அம்புறோசிடம் என்ன இருக்கிறது? ஒரு திறப்பு!

அவள் மைக்கை வாய்க்கு அருகில் பிடித்தாள்.

"அண்ணை மூண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். வயசு போன மனிசனை நாங்கள் எத்தினை தரம் வற்புறுத்திறது? பாவமில்லையே? றெக்ஸ், குறிப்பிலை எழுதும். போசகர் பதவியை அண்ணை மறுத்திட்டார், கூட்டம் அதை நன்றியோடை ஏற்றுக்கொண்டது. திருத்தம் கைவிடப்பட்டது."

றெக்சின் பேனா அந்தரத்தில் நின்றது.

"பிள்ளை..." அம்புறோஸ் எழும்பிவிட்டார். "இதென்ன கதை? நான் வேண்டாம் எண்டால் நீர் அப்பிடியே விட்டிடுறதோ?"

"ஓம் அண்ணை."

"ஒரு பேச்சுக்குச் சொன்னதை..."

அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது, எல்லாரும் கேட்டுவிட்டார்கள். பின்வரிசையில் இருந்த அவருடைய மனைவி யோசெப்பின், சிரிப்பை மறைக்கச் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது," என்றாள் ஜெயனி, அவருக்கு மூச்சு விட இடம் கொடாமல். "மரியதாசனைத் திரும்பவும் ஒன்றியத்திலை சேர்க்கிறது. சேர்க்கலாம் எண்டுறவை கையைத் தூக்குங்கோ." தன் கையைத் தூக்கினாள்.

ஒரு கையும் எழும்பவில்லை. எல்லாத் தலையும் அம்புறோசின் பக்கம் திரும்பியது. பதினாலு வருடப் பழக்கம். அவர் தூக்கினால் தூக்குவது, அவர் மடியில் வைத்திருந்தால் வைத்திருப்பது. அவரோ எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தத் தலைகள் மெல்ல மெல்ல அவள் பக்கம் திரும்பின. மேலே நிற்கிற அவளுடைய கையைப் பார்த்தன. ஒரு கை எழும்பியது. பிறகு பத்து. பிறகு மண்டபம் முழுவதும் கைகள்.

அவளுக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அம்புறோசைப் பார்த்த அதே பார்வையால்தான் இப்போது அவளைப் பார்த்தார்கள். வாசலில் சப்பாத்தைப் பார்த்த அதே முகங்கள். அம்புறோசில் வந்ததைவிடப் பெரிய கோபம் அவர்களில் வந்தது. சோதித்துப் பார்ப்பதுபோல அவள் தன் கையைக் கீழே இறக்கினாள்.

எல்லாக் கைகளும் இறங்கின.

"என்னைப் பாக்கிறதை விடுங்கோ!" என்று கத்தினாள். மைக் கீச்சிட்டது. "நான் ஆர் உங்களுக்கு? அந்த மனிசன் உங்களோடை முப்பது வருசம் திரிஞ்சவர். அவர் வேணுமோ வேண்டாமோ எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அதுக்கும் நான் கையைத் தூக்கிக் காட்டவேணுமோ? வெக்கமாயில்லையே?"

அவள் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பி, சனத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, நீங்களும் திரும்புங்கோ. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, விருப்பமெண்டால் கையைத் தூக்குங்கோ. றெக்ஸ், நீர் மட்டும் பாத்து எண்ணும்."

வெப்பக் குழாய் மட்டும் டக் டக்கென்று அடித்தது. சேர்க்காமலே விட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம் பிடித்தது. தூக்கிய கைகளைத் தானே இறக்கிவிட்டோமே, மேலே அத்தான் குளிருக்குள் இருக்கிறாரே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கக் கழுத்துத் துடித்தது.

"யோசெப்பின் அக்கா..." என்று தொடங்கினான் றெக்ஸ்.

"பேர் சொல்லாதையும்! எண்ணிக்கையை மட்டும் சொல்லும்."

"ஒண்டு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு." ஒரு கதிரை கிரீச்சிட்டது. "மூண்டு. நாலு."

அவன் குரல் போகப் போக வேகம் எடுத்தது. பாதியைத் தாண்டியபோது அது அவனுடைய குரல் மாதிரியே இல்லை. "எண்ணினது காணும் அக்கா, பெரும்பான்மை வந்திட்டுது. உங்கடை அத்தானைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

ஜெயனி சுவரைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

"மிச்சக் கையளையும் எண்ணும்" என்றாள்.