சத்திரக்காரன் பேச மறுக்கிறான்

1

இந்தக் கதை எனக்கு உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தி முடிந்து கை கழுவப்போன இடத்தில் கிடைத்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"பங்காரம்மாளக் கொன்னவதானே நீயி" என்றார் மூத்தவர்.

"கொன்னது நாந்தானுங்க அண்ணி. ஆனா குதிரை மேல ஏத்தி உடோணும்னுதான் பாத்தேன்" என்றார் இளையவர்.

குழாயைத் திறந்துவிட்டபடி இருவரும் சிரித்தார்கள். ஒரு கொலையைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறவர்களை விட்டுவிட மனம் வரவில்லை. ஐஸ்கிரீமை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

மூத்தவர் ஜெபராணி, கணக்கு டீச்சர். இளையவர் ஷைலா, ஜெபராணியின் கணவருக்குத் தங்கை. இருவரும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டே சொன்ன கதை இது. அவர்கள் சண்டை போட்டுச் சேர்ந்தவர்கள் என்பதை இப்படி முதலிலேயே உடைத்துவிட்டாயே என்று என் நண்பர் குறைப்பட்டார். உடையட்டும். எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

(இனி இருவரையும் 'அவள்' என்றே எழுதுவேன். அனுமதி வாங்கிவிட்டேன். ஜெபராணி கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தார்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "1998ஆம் ஆண்டு, கோவை மாநகரில் கணினி மெல்ல மெல்லக் காலூன்றத் தொடங்கியிருந்த"

(பாடப்புத்தக வாடை. பாதியில் விட்டேன்.)

இரண்டாவது: "கோட்டை வாசலில் பங்காரம்மாள் வாளை உருவினாள். எதிரே நின்ற பூதம்"

(இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நீங்கள் ராஜா ராணிக் கதை என்று நம்பி உள்ளே வந்துவிடுவீர்கள்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். போத்தனூரில் ஒரு வீடு. வீட்டுக்காரர் சின்னப்பராஜ் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. திங்கட்கிழமை பெட்டியோடு கிளம்பினால் தாராபுரம், உடுமலை, பெருந்துறை என்று டாக்டர்களைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமைதான் திரும்புவார். வாரம் முழுக்க வீட்டில் இருப்பது மனைவி ஜெபராணியும் தங்கை ஷைலாவும், ஒரு கம்ப்யூட்டரும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து டீயைக் குடித்ததும் ஜெபராணி அதன் முன்னால் உட்காருவாள். அதில் ஒரு ரோல்-பிளேயிங் விளையாட்டு இருந்தது. நாமே ஒரு ஆளை உருவாக்கி, பெயர் வைத்து, ஊர் ஊராக நடத்தி, சண்டை போடவைத்துப் பலம் ஏற்றி வளர்க்கவேண்டும். ஜெபராணி வளர்த்தது ஒரு வாள்காரியை. பெயர் பங்காரம்மாள். பக்கத்து வீட்டில் பால் ஊற்றிய பங்காரம்மாள் போலீசுக்கே பயப்படாதவர் என்பதால் அந்தப் பெயர்.

(கணக்கு டீச்சர் வாள் சண்டை விளையாடுவாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் இருவரையும் கல்லூரி மாணவர்களாக மாற்றிப் பார்த்தேன். உடனே சண்டையில் உயிர் போய்விட்டது. மாணவர்கள் சண்டை போட்டால் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். இவர்களுக்கு இருந்தது ஒரே வீடு. டீச்சரையே திரும்பக் கூட்டிவந்தேன்.)

3

ஷைலா டவுன்ஹாலில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். அவளுக்கு விளையாடுவதைவிட விளையாட்டைக் கழற்றிப் பார்ப்பதில்தான் ஆசை. வேறு யாரோ எழுதி, விளையாட்டில் புதிதாகச் சேர்க்கிற ஒட்டுக்கு மாட் என்று பெயர். மாட்டுவதால்தான் மாட் என்று ஷைலா வெகுநாள் நம்பியிருந்தாள்.

ஒருநாள் காந்திபுரத்து பிரவுசிங் சென்டரிலிருந்து ஃபிளாப்பியில் ஒரு மாட் கொண்டுவந்தாள். அதை மாட்டினால் பங்காரம்மாளுக்குக் குதிரை கிடைக்கும். அண்ணி திரும்பி வருவதற்குள் மாட்டிவைத்து ஆச்சரியப்படுத்த நினைத்தாள். பழையதை முதலில் பத்திரமாக நகல் எடுத்துக்கொள்ளவும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. ஷைலா இரண்டாம் வரியிலிருந்து படித்தாள். பழைய கோப்புகளின் மேலேயே எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எழுது என்றாள்.

குதிரை வந்தது. பங்காரம்மாள் போய்விட்டாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்திலிருந்து ஜெபராணி சேமித்துவந்த ஆட்டம் முழுவதும், கடைசிக் கோட்டை வாசல் வரைக்கும், அழிந்துபோயிருந்தது.

"என்ற பங்காரம்மா எங்க?"

"அண்ணி, குதிரை..."

"குதிரையக் கேக்கல."

பிறகு ஜெபராணி ஒன்று சொன்னாள். ஷைலாவுக்குப் பெருந்துறை ஷெர்வினோடு ஜனவரியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "எப்பத்தான் கல்யாணமாயி நீ இந்த ஊட்ட உட்டுப் போவியோ, அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி."

(இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மிருதுவாக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க, அப்படித்தான் சொன்னேன்" என்றார் ஜெபராணி. அந்த மதியத்தில் அவர் சிரிக்காமல் சொன்ன ஒரே பதில் அது.)

4

பேச்சு நின்றது. சாப்பாடு நிற்கவில்லை. தட்டு நகரும், குழம்பு நகரும், வார்த்தை மட்டும் நகராது. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப்பராஜ் நடுவில் உட்கார்ந்து, "உப்புக் கம்மியாம், சொல்லச் சொல்றா" என்று கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்குச் செய்தி கடத்தினார்.

டிசம்பர் பிறந்தது. கல்யாணத்துக்கு நாள் நெருங்கியது. இந்த வீட்டை விட்டுப் போகும்போது அந்த வாக்கியம்தான் கடைசியாக இருக்குமோ என்று ஷைலாவுக்குப் பயம் வந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கை வந்தது.

ஜெபராணி கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போகிற சாயங்காலங்களில் ஷைலா விளையாட்டை மறுபடியும் கழற்றினாள். இந்த முறை முதல் வரியையும் படித்து, நகல் எடுத்துவைத்துவிட்டுத்தான். அந்த உலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசினார்கள். அவர்களைத் தமிழ் பேச வைக்கப்போகிறாள்.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த ஏற்பாடு. ஷைலா தினமும் அதில்தான் பிழைத்தாள். விளையாட்டின் எழுத்துப் படங்களை எடுத்துவிட்டு அதே இடங்களில் தமிழ் எழுத்துகளை வரைந்தாள். S இருந்த இடத்தில் ளு, t இருந்த இடத்தில் வ என்று உட்கார, Start என்றிருந்த பொத்தான் 'ளுவயசவ' என்று மாறியது. அதை அப்படியே விட்டுவிட்டு வசனங்களுக்குப் போனாள். காவலாளி, கொல்லன், திருடன், பூதம், ஒவ்வொருவராகக் கோயமுத்தூர்க்காரர் ஆனார்கள்.

சத்திரக்காரனை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். பங்காரம்மாள் தினமும் போய்ப் படுக்கிற சத்திரம் அது. அவன் வாயில் ஷைலா வைத்தது: "பங்காரம்மாளைக் கொன்னது நான். மன்னிச்சுப்போடு."

ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. அப்புறம் மனசு கேட்கவில்லை. அண்ணியிடம் 'போடு' என்றா சொல்வது? முன்னால் ஒரு 'அண்ணி'யும், இரண்டு இடத்தில் 'ங்க'வும் சேர்த்தாள். கேட் சத்தம் கேட்டது. சேர்த்த பிறகு ஓட்டிப் பார்க்கவில்லை.

5

சனிக்கிழமை மதியம் ஜெபராணி வெகுநாள் கழித்து விளையாட்டைத் திறந்தாள். புதுப் பங்காரம்மாள், கையில் ஒரு குச்சி. ஊர் வாசலில் காவலாளி மறித்தான்.

"ஏனுங்க அம்மணி, வெயில்ல எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஷைலாவுக்கு முதலில் நாற்காலி கிரீச்சிடுவது கேட்டது. பிறகு ஜெபராணி தனியாகச் சிரிப்பது கேட்டது. காட்டில் பூதம் குதித்து, "வாங்க, வாங்க, சாப்புட்டுப்போட்டுச் சண்டை போடலாமுங்க" என்றபோது அந்தச் சிரிப்பு தெருவுக்கே கேட்டது. ஷைலா வெங்காயத்தை வைத்துக்கொண்டு அழுதாள். (வெங்காயம்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறாள்.)

பங்காரம்மாள் சத்திரத்துக்குள் நுழைந்தாள். திரை கறுத்துப்போனது.

மறுபடி தொடங்கினாள். காவலாளி, பூதம், சத்திரம், கறுப்பு. இன்னொரு முறை. அப்படியே.

"சத்திரத்துக்குப் போனா நின்னுபோகுது" என்றாள் ஜெபராணி, சுவரைப் பார்த்து.

"வசனத்துல ஏதோ தப்பு இருக்கும்" என்றாள் ஷைலா, காலண்டரைப் பார்த்து.

ஜெபராணி பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் நகர்த்தினாள். ஷைலா வந்து உட்கார்ந்தாள். எங்கே தப்பு என்று அவளுக்கு அப்போதே தெரியும். ஒவ்வொரு வசனத்துக்கும் விளையாட்டு ஒதுக்கியிருக்கும் இடம் இவ்வளவுதான். தாண்டினால் திரை கறுக்கும். 'ங்க' பார்க்க இரண்டு எழுத்து, அடித்தால் மூன்று தட்டு. 'நானே பாத்துக்கறேன்' என்று அண்ணியை எழுப்பி அனுப்பியிருக்கலாமே என்று ஷைலாவைக் கேட்டேன்.

"நாங்கதான் பேசறதில்லீங்களே, எப்படிச் சொல்றது?"

6

சத்திரத்துக்குள் நுழைந்தால் அங்கிருக்கும் எல்லோருடைய வசனங்களும் ஒரே மூச்சில் ஏறும். சமையல்காரன், பாட்டுக்காரி, குடிகாரர்கள், சத்திரக்காரன். அதில் எது கோளாறு? ஜெபராணிக்குள் இருந்த கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டாள்.

"பாதிய எடு. பழசப் போடு."

சண்டைக்குப் பிறகு அவள் நேராக ஷைலாவிடம் சொன்ன முதல் வார்த்தை இது. சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஷைலா பாதியை எடுத்தாள். கறுத்தது.

"அப்ப மிச்சத்துலதான் இருக்குது. அதுல பாதிய எடு."

சமையல்காரன் தப்பித்தான். பாட்டுக்காரி தப்பித்தாள். ஒவ்வொரு பாதியிலும் ஜெபராணிக்கு உற்சாகம் ஏறியது, ஷைலாவின் தட்டச்சு மெதுவாகிக்கொண்டே போனது. குடிகாரர்களும் போனபின் ஒரே ஒரு வரி மிஞ்சியது.

"இதுதான்! புடிச்சுப்போட்டோம்!" என்று ஜெபராணி ஷைலாவின் தொடையில் ஒரு அடி வைத்தாள்.

திரையில் அந்த வரி தமிழாகத் தெரியவில்லை. விளையாட்டுக்குள் போனால்தான் தமிழ். வெளியே, கோப்பில், அது mz;zp என்று தொடங்கி, நடுவில் kd;dpr;R என்று ஏதோ இருந்து, q;f என்று முடிகிற அலங்கோலம்.

"என்ன எழவு இது? நீதான படிப்ப. படி."

ஷைலா திரையைப் பார்த்தாள். சத்திரக்காரன் சொல்வான் என்று விட்டிருந்ததை அவன் சொல்ல மறுத்துவிட்டான்.

"அண்ணி..." என்று படித்தாள்.

"சொல்லு."

"இல்லீங்க, அதுதான் எழுதியிருக்குது. அண்ணி, பங்காரம்மாளக் கொன்னது நானுங்க. மன்னிச்சுப்போடுங்க."

ஜெபராணி கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். மறுபடி கழற்றினாள்.

"நீ அழிச்சது ஒரு பொம்மைய, கண்ணு. நா சொன்னதுதான் பெரிய தப்பு. அந்த வார்த்தைய எதுல நகல் எடுத்து வச்சிருந்தாலும் அழிச்சுப்போடு."

"அழிச்சுட்டேனுங்க."

"நீ போனா எனக்கேது நிம்மதி? காவலாளி எங்கீங்கன்னு கேட்டப்பவே எழுந்திருச்சு வந்துருப்பேன். ஈகோ."

7

அதற்குப் பிறகு நடந்ததில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

முடிவு ஒன்று, ஜெபராணி சொன்னது: "எங்கிட்ட என்ன ங்க, எடு" என்று தானே அந்த 'ங்க'வை அழித்துவிட்டாளாம்.

முடிவு இரண்டு, ஷைலா சொன்னது: மரியாதையில் கை வைக்கத் தான் விடவில்லையாம், 'பங்காரம்மாளக் கொன்னது நானுங்க'வைத் தூக்கிவிட்டு, எதற்கு மன்னிப்பு என்பதே இல்லாத மன்னிப்பாக வைத்துக்கொண்டார்களாம்.

முடிவு மூன்று நான் கட்டியது: மன்னிப்பை முழுக்க எடுத்துவிட்டு "சாப்புட்டீங்களா?" என்று போட்டார்கள். (இரண்டு பேரும் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்களை இவ்வளவு பாடுபடுத்திய வரிக்கு இது போதாதாம்.)

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: வரியைச் சுருக்கிச் சேமித்தார்கள். ஷைலா ஸ்டூலை விட்டு எழப் பார்த்தாள். ஜெபராணி அவள் கையை மவுஸின் மேல் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். பங்காரம்மாள் காட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, சத்திரத்தின் படியேறினாள். கதவு திறந்தது. இந்த முறை திரை கறுக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, அடுப்பு எரிந்தது, சத்திரக்காரன் திரும்பினான். அவன் தலைக்கு மேல் வசனக் கட்டம் விரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் படித்து, ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள்.

அந்தக் கட்டத்தை நான் நிரப்பப்போவதில்லை. உங்களுக்கும் யாரிடமாவது சொல்லாமல் நிற்கிற வரி ஒன்று இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். கட்டம் சின்னது, நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'ங்க' வேண்டுமா வேண்டாமா என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம்.

எழுதியதும் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.