காசியம்மாள் கட்டிய பிராது

என் பேரைச் சொல்லி யாரோ பிராது கட்டியிருக்கிறார்கள் என்று டீக்கடைத் திருமால் வந்து சொன்னபோது, நான் ஒரு புதுப் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். சட்டென்று நிமிர்ந்து பார்த்ததில் நட்ட நடுவில் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டது.

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பிராதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், இன்ன ஊர், இன்னார், இன்ன குறை என்று சாமிக்கே மனு எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்ததும் மறுபடி போய் மனுவை வாபஸ் வாங்க வேண்டும். கன்ஸ்யூமர் கோர்ட் என்றால் வக்கீல் வைத்து வாய்தா வாங்கலாம். கொளஞ்சியப்பரிடம் அந்தப் பருப்பு வேகாது.

கட்டியது யார் என்று கேட்டேன். செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைக்குக் கலர் அடிக்கும் காசியம்மாளாம். திருமால் தன் அண்ணனோடு உள்ள நிலத் தகராறுக்காகப் போயிருந்தான். வரிசையில் முன்னால் நின்ற காசியம்மாள், மனு எழுதுகிறவரிடம் "பஸ் ஸ்டாண்டு திலீபன் கடை" என்று சொன்னது மட்டும் அவன் காதில் விழுந்திருக்கிறது. மீதி கேட்கவில்லை. மீதி எனக்குத் தெரியும்.

ஆடி மாதம் நடந்தது அது. காசியம்மாளின் பழைய போன், அச்சில் ஊற்றும் மண்கூழில் விழுந்துவிட்டது. ஊர் உலகத்தில் போன் நனைந்தால் அரிசிப் பானையில் போடுவார்கள். இந்த அக்கா, பொம்மைகளைக் காயவைக்கும் சூளை மேல் பலகையில் அதையும் வைத்துவிட்டார். முப்பது வருஷமாக ஈரமான எதையும் அங்கேதான் காயவைத்துப் பழக்கம். ஒரு ராத்திரிச் சூட்டில் போன் காய்ந்தது, பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது.

அதை என் மேசையில் வைத்து, "கலரு எல்லாம் இதுலதான் தம்பி இருக்குது. கொலு ஆர்டர் வந்துருக்குது. எப்டியாவது பாருங்க" என்றார்.

நான் பார்த்தேன். அதாவது, மேலே பார்த்தேன். மண் அப்பிய பழைய மாடல். இதைக் கழற்றிக் கழுவவே அரை நாள் ஆகும், பார்ட்ஸ் எங்கும் கிடைக்காது. அந்த அரை நாளில் நாலு புதுப் போன் விற்கலாம். "செத்துடுச்சுக்கா. உள்ள ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. அந்த அக்கா என் முகத்தையே பார்த்தார். அப்புறம் நான் காட்டிய புதுப் போனை வாங்கிக்கொண்டு போனார். பழையதைப் பழைய சாமான் மூட்டையில் எறிந்தேன். மங்கலம்பேட்டைக்காரர் மாதம் ஒருமுறை வந்து எடைக்கு எடுத்துப்போகும் மூட்டை அது.

நான் எப்போதும் இப்படி இருந்தவனில்லை. இந்தக் கடை திறந்த புதிதில், கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டி.வி.எஸ் வண்டியில் வருவார்கள். உள்ளே பல்லி முட்டை இருக்கும், எறும்புப் புற்று இருக்கும். எல்லாவற்றையும் தட்டிவிட்டு, ஒரு ரேம் சேர்த்து மாட்டினால் அது இன்னும் மூன்று வருஷம் ஓடும். திரை மறுபடி நீலமாக விழிக்கும்போது, வந்தவர் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் சாப்பிடாமல் உட்கார்ந்த நாட்கள் உண்டு. அந்த நாட்கள் திரும்பி வராதா என்று இப்போதும் ஏங்குகிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இப்போது கடையில் தினமும் ரிப்பேரா புதுசா என்று பட்டிமன்றம்தான். காலேஜ் டீச்சர் பூர்ணிமா போன வாரம் லேப்டாப்போடு வந்து ரேம் மட்டும் கூட்டச் சொன்னார். கம்பெனிக்காரன் அதைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டான், கூட்ட முடியாது என்றேன். "காசு குடுத்து வாங்குனது நானு. தொறக்குற உரிமை மட்டும் அவனுக்கா?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டு போனார். நியாயம்தான். ஆனால் என் மனைவி துர்கா சொல்வதும் நியாயம்தான். பழசைக் கட்டிக்கொண்டு அழுதால் கடை வாடகையை யார் கொடுப்பது என்பாள். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நான் திருப்புளியை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

பிராதைக் கேட்டதும் துர்காதான் முதலில் பயந்தாள். காசியம்மாள் வேலை செய்யும் இடத்தில் விசாரித்துவிட்டு வந்து இன்னொன்றும் சொன்னாள். கலர் கணக்கு நினைவில் நிற்காமல், குத்துமதிப்பாகக் கலந்து அடித்ததில் ஒரு சூளைக் கிருஷ்ணன் பொம்மை முழுக்கச் சாம்பல் நிறத்தில் வெளியே வந்துவிட்டதாம். இன்னொரு சூளை இப்படிப் போனால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றாள்.

கடையைப் பாதி சாத்திவிட்டு மூட்டையைக் கொட்டினேன். நல்லவேளை, மங்கலம்பேட்டைக்காரர் இன்னும் வரவில்லை. போன் அடியில் கிடந்தது. திறந்தேன். மேலே அப்பியிருந்த மண், மூடி மாதிரி ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே போர்டு சுத்தமாக இருந்தது. பேட்டரியும் திரையும்தான் போயிருந்தன. செத்தது போன் அல்ல, என் பொறுமை.

அந்த மாடலுக்குத் திரை சேலத்திலும் இல்லை, சென்னையிலும் இல்லை. என்னிடம் மட்டும் அதே மாடல் போன் ஒன்று இருந்தது. நான் ஆசைப்பட்டு வாங்கி, துர்காவைப் பெண் பார்க்கப் போனபோது சட்டைப் பையில் வைத்திருந்த போன். மேசை இழுப்பறையில் துணியில் சுற்றி வைத்திருந்தேன். இன்னும் ஓடும். அதைக் கழற்றும்போது துர்கா பக்கத்திலேயே நின்றாள், தடுக்கவில்லை.

திரையையும் பேட்டரியையும் மாற்றி மாட்டி, பொத்தானை அழுத்தினேன். விழித்துக்கொண்டது.

படங்களைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். காசியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கலருக்கும் இரண்டு படம் எடுத்து வைத்திருந்தார். முதல் படத்தில் டப்பாக்கள் வரிசையாக, எந்த டப்பாவில் எத்தனை கரண்டி எடுத்தாரோ அத்தனை கரண்டி அதன் முன்னால். அடுத்த படத்தில் சூளையிலிருந்து வந்த பொம்மை. பதினோரு வருஷக் கலர்கள். நடுவில் சம்பந்தமில்லாமல் ஒரு படம். என் மேசை. முன்பொரு முறை இந்தப் போனைச் சரிசெய்துவிட்டு, கேமரா ஓடுகிறதா என்று நான் எடுத்துப் பார்த்த படம். தொழிற்பேட்டையில் கழித்துப் போட்ட ஆறு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், ஒவ்வொன்றின் குழியிலும் ஒரு அளவுத் திருகாணி. ஓரத்தில் டீ தம்ளரோடு துர்காவின் வளையல் கை. அந்த மேசையைப் பார்த்து நான் அழுதேன்.

மறுநாள் போனை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்கே போனேன். காசியம்மாள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, உடனே மணவாளநல்லூர் போக வேண்டும், மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்றார். என் வண்டியிலேயே கூட்டிப் போனேன். வழியில் மனசு கேட்காமல், என் மேல் இத்தனை கோபமா என்று கேட்டுவிட்டேன்.

"ஒங்க மேலயா? ஒங்க மேல நான் எதுக்குத் தம்பி பிராது கட்டப் போறன்?" என்றார். "நீங்க பாத்து சொன்னா தப்பாவாதுன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் சாமிகிட்ட போனேன். திலீபன் கடையில செத்துடுச்சுன்னு சொல்லிட்டாங்க, இந்த ஒரு வாட்டி மட்டும் அவுரு சொன்னது தப்பாப் போவட்டும்னு எழுதிக் கட்டுனேன்."

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

கோயிலில் மனு எழுதுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். வாபஸை நீங்களே எழுதுங்கள் தம்பி என்று காசியம்மாள் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். எதை வாசித்தாலும் நம்பியிருப்பார். நான் எழுதியதையே வாசித்தேன்.

"போன் பிழைத்துவிட்டது. மனுவை வாபஸ் வாங்குகிறேன். திலீபன் அதைத் திறந்து பார்க்காமலே செத்துவிட்டது என்று சொன்னான்."

காசியம்மாள், மனுக்கள் கட்டித் தொங்கும் முனியப்பர் சன்னதிப் பக்கம் திரும்பினார். "அப்ப அன்னைக்கே ஓடியிருக்குமா?" என்றார்.

"ஓடியிருக்கும்க்கா."

கட்டைவிரலை மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். திரும்பும்போது என் வண்டியில் ஏறவில்லை, பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

இனி என் கடைப் படியை மிதிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் காலையில் வந்தார். முந்தானையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து மேசையில் வைத்தார். குழல் ஊதும் கிருஷ்ணன். நீலமாக இருக்க வேண்டியவன், தலை முதல் கால் வரை சாம்பல்.

"இது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, புதுப் போனை நீட்டி, சத்தம் சரியாகக் கேட்கவில்லை, என்னவென்று பாருங்கள் என்றார்.

நான் திருப்புளியை எடுத்தேன்.